மச்சாண்டார் வைத்த தீனி

காலையில் கூடத்துக்கு வந்ததும் கோமதிக்கு முதலில் நாற்றம்தான் எட்டியது. அப்புறம்தான் தொட்டி கண்ணில் பட்டது. நேற்று சாயங்காலம் வரை உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று சந்தேகம் வரும்படி தெளிந்து கிடந்த நாலடிக் கண்ணாடித் தொட்டி, இப்போது அரிசி களைந்த கழுநீர்போல் வெளுத்து நின்றது. மேலே கொழகொழவென்று நுரை. பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

குனிந்து மோந்து பார்த்தாள். அந்த வாசம் அவளுக்குத் தெரியாததா? எட்டு வருஷமாக விடிந்ததும் தொழுவத்திலிருந்து வருகிற வாசம்தான். ஊற வைத்த கடலைப் புண்ணாக்கு.

"ஏனுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் தென்னந்தோப்பில் இருந்த காக்காயெல்லாம் எழுந்து பறந்தது.

கௌசிக் வேட்டியைக் கட்டியும் கட்டாமலும் ஓடி வந்தான். தொட்டியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், பிறகு அண்ணன் இருக்கும் பக்கத்து வாசலைப் பார்த்தான். அவன் எப்போதும் கடைசியில் பார்ப்பது அந்த வாசலைத்தான்.

"சித்த மெதுவாப் பேசு புள்ள. அண்ணன் காதுல உழுவப் போவுது."

"உழுவட்டும்ங்க. உழுவோணும்னுதான் கத்தறேன். இதுல புண்ணாக்கக் கொண்டாந்து ஊத்துனது ஆரு?"

 அவன் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. எருத்தேன்பதி கிராமத்தில் அந்த வீட்டில் புண்ணாக்கு ஊற வைக்கிற கை ஒன்றுதான், கௌசிக்கின் அண்ணன், அவளுடைய மச்சாண்டார் கருப்புசாமியின் கை.

 வேறு எந்த நாளாவது இது நடந்திருந்தால்கூடப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு மூணாறிலிருந்து ஜின்சன் வருகிறான். அங்கே ஒரு பெரிய ரிசார்ட்டில் மேனேஜர். அவர்கள் வரவேற்பறையில் எட்டடியில், உயிருள்ள கடல் பவளம் வளர்க்கிற தொட்டி வைக்கப் போகிறார்கள். வைத்துக் கொடுத்து, மாசா மாசம் வந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். கோமதி தன் பவளத் தொட்டியைப் படம் எடுத்து நெட்டில் போட்டதைப் பார்த்துவிட்டு, நேரில் ஒரு தடவை நிறத்தைப் பார்க்கலாம் என்று கிளம்பி வருகிறான். நிறம் நன்றாக இருந்தால் வேலை அவளுக்கு. அவள் பேரில், அவள் கையால் செய்கிற முதல் வேலை.

இந்த நிறத்துக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கிற கல் என்று நினைக்கிற வீடு இது. கல்லுக்குப் போய் ஏன் இவ்வளவு லைட்டு என்று கேட்கிற வீடு. பண்ணையில் வளர்த்த கட்டை விரல் அளவுத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி வந்தாள். எல்லாம் வரும்போது காப்பிப்பொடி நிறத்தில் இருந்தன. போர் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது. அதில் இருக்கிற சுண்ணாம்புக்குக் குடமே வெள்ளை பூத்துவிடும். வடிகட்டி, கடலுப்புக் கலந்து, நீல டிரம்மில் நாள் முழுக்கச் சுழலவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். விளக்கை ஒரேயடியாகக் கூட்டினால் வெந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

தீனி விஷயம் இன்னும் நுணுக்கம். சாயங்காலம் வெள்ளை வெளிச்சம் அணைந்து நீலம் மட்டும் இருக்கும்போதுதான் அவை வாய் திறந்து இழைகளை நீட்டும். அப்போது பம்பை நிறுத்திவிட்டு, ஒரு சிட்டிகைப் பொடியைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் பட்டும் படாமலும் விட வேண்டும். தீனி கூடினால் தண்ணீர் கெட்டு, எல்லாம் பழையபடி காப்பிப்பொடி நிறத்துக்கே போய்விடும். குறைந்தால் பசியில் வெளுத்துப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மயிரிழையில் நடந்துதான் அவள் பச்சையையும் ஊதாவையும் ஆரஞ்சையும் வரவழைத்திருந்தாள். பொத்தான் பொத்தானாக விரிகிற கூட்டம் ஒன்று, காளான்போல் குடை பிடிக்கிறது நாலைந்து, காற்றில் புல் அலைகிற மாதிரி அலைகிற பச்சை நட்சத்திரத் திட்டு ஒன்று, கைவிரல்போல் நிமிர்ந்து நிற்கிற தோல் பவளம் ஒன்று.

அதில்தான் அந்த மகராசன் புண்ணாக்குத் தண்ணீரை ஊற்றியிருந்தார்.

ஏன் ஊற்றினார் என்று கோமதிக்குக் கேட்காமலே தெரியும். கருப்புசாமி தோப்பையும் பார்த்துக்கொண்டு மாட்டு வியாபாரமும் செய்கிறவர். கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்டுவதற்கு முந்தின நாள் அவர் செய்கிற அலங்காரம் ஊருக்கே தெரியும். உப்புப் போட்ட புண்ணாக்குத் தண்ணீரை வயிறு முட்டக் குடிக்க வைப்பார். வயிறு நிறைந்து விலா எலும்பு மறையும். கொம்பைச் சீவி எண்ணெய் தடவுவார். வாங்க வருகிறவன் கண்ணுக்கு மாடு கொழுகொழுவென்று நிற்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. தம்பி வீட்டுத் தொட்டியைப் பார்க்க ஆள் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் அவர் கை சும்மா இருக்குமா?

அவர் மனைவி பொன்னாத்தாள் பக்கத்து வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ சாமி, பாலாட்ட ஆயிப்போச்சே! கோமதி, அவரு நல்லதுக்குன்னுதான் வெச்சாரு. இத்துனூண்டு பொடியப் போட்டா அது எப்புடித் தேறும், வர்றவன் பாத்தா வாடிக் கெடக்குதும்பான்னு சொல்லீட்டுத்தான் வந்தாரு."

"சொல்லீட்டு வந்தாருன்னா நீங்க எங்கிட்ட ஒரு பேச்சுச் சொல்லக் கூடாதுங்களாக்கா?"

"அவரு செய்யறது எதுன்னு எனக்கென்ன தெரியும்?" என்று பொன்னாத்தாள் உள்ளே போய்விட்டாள்.

நல்லதுக்குன்னுதான். கோமதிக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே மூக்குக்கு மேல் கோபம் வரும். கல்யாணமான புதிதில் கோயமுத்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. விலங்கியல் படித்தவளுக்குக் கிடைத்த நல்ல வேலை. தினமும் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிப் போய் வருவது அலைச்சல் என்று மச்சாண்டார் சுவரைப் பார்த்துச் சொன்னார். கௌசிக் அந்த ஆபீசுக்குப் போன் போட்டு, அவள் வரவில்லை என்று சொல்லிவிட்டான். எல்லாம் அவள் நல்லதுக்கு.

சுவரைப் பார்த்து என்றால் நிஜமாகவே சுவரைப் பார்த்துத்தான். அந்த வீட்டில் தம்பி பெண்டாட்டி மச்சாண்டார் முன்னால் நிற்க மாட்டாள், முகம் பார்த்துப் பேச மாட்டாள். அவர் கூடத்துக்குள் வருவதற்கு முன்னால் வாசலில் ஒரு செருமல் செருமுவார். கோமதி எழுந்து உள்ளே போய்விட வேண்டும். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் "உள்ள சொல்லு" என்று தம்பியிடம் சொல்வார். அவள் ஏதாவது சொல்ல வேண்டுமானால் கௌசிக்கிடமோ பொன்னாத்தாளிடமோ சொல்லி அனுப்ப வேண்டும். எட்டு வருஷத்தில் அந்த மனுஷனுக்கும் அவளுக்கும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை நடந்ததில்லை. இதற்கு மரியாதை என்று பேர்.

"போயி உங்கண்ணங்கிட்டக் கேட்டுட்டு வாங்க" என்றாள் கௌசிக்கிடம். "என்னென்ன போட்டாரு, எவ்வளவு போட்டாரு. ஒண்ணு விடாமக் கேட்டுட்டு வாங்க. அதத் தெரிஞ்சாத்தான் நான் என்ன பண்றதுன்னு பாக்க முடியும்."

கௌசிக் போனான். கொஞ்ச நேரத்தில் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"புண்ணாக்குத் தண்ணி ஒரு சொம்பாம். அவ்வளவுதான்."

"வேற ஒண்ணுமில்லீங்களே?"

"இல்ல புள்ள" என்று தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

புண்ணாக்கு மட்டும் என்றால் தப்பிக்க வழி உண்டு. தண்ணீரை மாற்றி, அழுக்கை உறிஞ்சுகிற கரியைப் போட்டு, காற்றைக் கூட்டினால் பிழைக்கும். கோமதி நைட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். குழாய் போட்டுப் பாதித் தண்ணீரை வெளியே இறக்கினாள். நீல டிரம்மில் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினாள். அவசரத்துக்கென்று வைத்திருந்த ஒரே ஒரு கேன் மட்டும் மிச்சம். வடிகட்டியில் கரிப் பை போட்டாள். நுரை எடுக்கிற மெஷினைக் கழுவிக் கழுவி ஓடவிட்டாள். இவ்வளவையும் செய்துகொண்டே வாயும் ஓய்வில்லாமல் திட்டிக்கொண்டிருந்தது. யாரைத் திட்டுகிறாள் என்று பேர் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதுவும் மரியாதைதான்.

வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் கண்ணாடிக்குள் தெரிகிற அளவுக்குத் தெளிந்தது. பவளங்கள் எல்லாம் சுருங்கி, கடைந்த மோரில் முங்கிய மாதிரி மேலே சளி பூசிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் பாசி மேய்கிற நத்தைகள் மூன்று அடியில் மல்லாந்து கிடந்தன. மணலில் இடது மூலையில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. புண்ணாக்கு வண்டல் என்று நினைத்துக்கொண்டாள். நத்தை ஏன் செத்தது என்று ஒரு நிமிஷம் மனசில் நெருடியது. மூச்சு முட்டியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். புண்ணாக்கு மட்டும்தான் என்று கௌசிக் கேட்டு வந்து சொல்லிவிட்டானே.

பத்தரை மணிக்குப் பொத்தான் கூட்டத்தில் நாலைந்து லேசாக விரிந்தன. கோமதிக்கு உயிர் வந்தது. கடவுளே, இப்படியே இன்னும் கொஞ்சம் விரியட்டும் என்று வேண்டிக்கொண்டு, முகம் கழுவி, சேலை மாற்றப் போனாள்.

அவள் திரும்பி வரும்போது கூடத்தில் ஜின்சன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயசுக்குள் இருப்பான், நறுக்கின தாடி, கையில் கார்ச் சாவி. மறையூர், உடுமலைப்பேட்டை வழியாக வந்ததாகக் கௌசிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மூணாறில் பாதி ஊர் தமிழ் பேசுவதால் அவனுக்குத் தமிழ் வரும், நடுநடுவே மலையாளம் எட்டிப் பார்க்கும். எதிர் நாற்காலியில் சலவை வேட்டியும் தோளில் துண்டுமாகக் கருப்புசாமி. செருமல் காதில் விழாமல் வந்துவிட்ட கோமதி சமையலறை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

தொட்டியைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு நீலத்தை மட்டும் எரியவிட்டிருந்தான் கௌசிக். நீல வெளிச்சத்தில் பவளம் எப்படி இருந்தாலும் மினுங்கும். சாகப் போகிற பவளம் சில நேரம் கூடுதலாகவே மினுங்கும். சளி தெரியாது, சுருக்கம் தெரியாது. பச்சையும் ஆரஞ்சும் திருவிழா சீரியல் விளக்குபோல் எரிந்துகொண்டிருந்தன.

"சூப்பர் சாரே!" ஜின்சன் எழுந்து கண்ணாடியோடு மூக்கை வைத்துப் பார்த்தான். "இந்தப் பச்ச என்னா ஒரு பச்ச! எந்த உப்பு யூஸ் பண்ணும்? தீனி எதாணு?"

கேள்வி கௌசிக்கிடம்தான். வேலைக்காக ஆரம்பத்திலிருந்து போனில் பேசியதெல்லாம் கௌசிக்தான். கௌசிக் விழித்தான். நிலைப்படியிலிருந்து கோமதிதான் பதில் சொன்னாள், எந்த உப்பு, எந்தப் பொடி, எப்போது, எப்படி என்று. ஜின்சன் தலையாட்டிக் கேட்டுவிட்டு மறுபடியும் கௌசிக் பக்கமே திரும்பினான்.

"மேடத்துக்கு நல்ல விவரம் உண்டு கேட்டோ. எனக்குத் திருப்தி சாரே. இன்னிக்கே ஓனர்கிட்டச் சொல்லிடறேன். அடுத்த மாசம் வேலைய ஆரம்பிக்கலாம்."

கௌசிக் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். கோமதிக்கும் ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது உண்மைதான். நீல விளக்கு மனசில் குறுகுறுத்தது, ஆனாலும் சும்மா இருந்தாள். எல்லாம் தேறிவிடும், ஒரு வாரத்தில் இதே நிறம் வெள்ளை விளக்கிலும் வந்துவிடும், பொய்யென்று ஆகாது என்று நினைத்தாள்.

அப்போதுதான் கருப்புசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெருமை தாங்காமல் வாயைத் திறந்தார்.

"பின்ன என்னங்க, நேத்து நம்ம கையில தீனி வெச்சிருக்கறமில்ல! புண்ணாக்கோட மாட்டுக்கு வெக்கிற தாதுப்பொடியும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். அது போட்டா மாட்டுத்தோலே கண்ணாடியாட்ட மினுங்கும். இது மினுங்காதுங்களா?"

ஜின்சனுக்குப் புரியவில்லை, மரியாதைக்குச் சிரித்தான்.

கோமதிக்குப் புரிந்தது. தாதுப்பொடி மூட்டை தொழுவத்துச் சுவரோரம் கிடப்பதைத் தினமும் பார்க்கிறாள். அதன் மேல் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அச்சடித்திருக்கும். கால்சியம், துத்தநாகம், செம்பு. மாட்டுக்குச் செம்பு சத்து. நத்தைக்கும் பவளத்துக்கும் அது விஷம், சொட்டு விஷம் போதும். அந்தப் பழுப்பு வண்டல், மல்லாந்த நத்தை, எல்லாம் ஒரு நொடியில் கூடி வந்தன. நேற்று ராத்திரியிலிருந்து அது மணலில் கரைந்துகொண்டே இருக்கிறது. புதுத் தண்ணீரை அதன் மேலேதான் அவள் ஊற்றியிருக்கிறாள்.

அவள் கௌசிக்கைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே தெரிந்துபோயிற்று. அவனுக்குக் காலையிலேயே தெரியும்.

இன்னும் பத்து நிமிஷம். காப்பி வரும், ஜின்சன் குடிப்பான், கிளம்பிவிடுவான். வேலை கையில் இருக்கும். அவள் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நிலைப்படியில் நிற்பதுதான். எட்டு வருஷமாக நன்றாகப் பழகிய வேலை அது. அந்தப் பத்து நிமிஷத்தில் உள்ளே மிச்சம் இருப்பது என்னாகும் என்றும் அவளுக்குத் தெரியும்.

கோமதி நிலைப்படியைத் தாண்டி வந்தாள். கருப்புசாமியின் நாற்காலிக்கு முன்னால், அவர் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நடந்து போய், வெள்ளை விளக்கின் சுவிட்சைத் தட்டினாள்.

திருவிழா அணைந்தது. சுருங்கிப்போன தோல் பவளம் அழுகின கத்தரிக்காய்போல் சாய்ந்து கிடந்தது. காளான்கள் வாயைப் பிளந்து உள்ளிருப்பதைக் கக்கிக்கொண்டிருந்தன. காலையில் விரிந்த பொத்தான்கள் மறுபடி இறுக மூடியிருந்தன. ஜின்சன் "அய்யோ" என்று ஓரடி பின்னால் போனான்.

கோமதி திரும்பினாள். அவள் கேட்டது கௌசிக்கிடம் இல்லை.

"எந்தப் பக்கம் போட்டீங்க?"

கருப்புசாமி சுவரைப் பார்த்தார். கழுத்து சிவந்தது. "கௌசிக், எடது பக்கத்து மூலைலதான் போட்டேன்னு சொல்லு."

"அவருகிட்டச் சொல்ல வேண்டாம்ங்க. காலைல அவருகிட்டத்தான் கேட்டுட்டு வரச் சொன்னேன், அவரு வந்து சொன்னதுலதான் இதெல்லாம் சாவுது. கேக்கறது நானு. எம் மூஞ்சியப் பாத்து எங்கிட்டச் சொல்லுங்க. எடது மூலை மட்டும்தானா, வேற பக்கமும் போட்டீங்களா?"

 காப்பித் தம்ளரோடு வந்த பொன்னாத்தாள் அப்படியே நின்றாள். கௌசிக், "கோமதி!" என்றான், அந்தக் குரலுக்குப் பலம் போதவில்லை.

"மூலைல மட்டும்தான்" என்றார் கருப்புசாமி. சொல்லும்போது கண் ஒரு விநாடி அவள் முகத்தில் பட்டு விலகியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

மூலையில் மட்டும் என்றால் வலது ஓரத்தில் இருப்பது கொஞ்சம் குறைவாகக் குடித்திருக்கும். இருக்கிறது ஒரு கேன் தண்ணீர். ஒரு வாளிக்குத்தான் வரும். தொட்டி முழுவதையும் காப்பாற்ற முடியாது. கோமதி வாளியைக் கொண்டுவந்து கேனைக் கவிழ்த்தாள். மாற்றிய சேலையோடேயே கையைத் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டாள். வலது ஓரத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தாள். பொத்தான் கூட்டத்தில் ஒரு துண்டை வாளியில் வைத்தாள், பச்சை நட்சத்திரத் திட்டில் ஒரு கையகலத்தைப் பிய்த்து வைத்தாள். காளான்களில் வாய் மூடியிருந்தது ஒன்றே ஒன்று, அதையும் எடுத்தாள். தோல் பவளத்தின் மேல் கை வைத்தாள். தொட்டவுடன் தோல் உரிந்து விரலோடு வந்தது. அவள் முதன்முதலில் வாங்கிய துண்டு அதுதான். கையை வெளியே எடுத்துவிட்டாள். சாகிறதை வாளியில் போட்டால் பிழைக்கிறதும் சாகும்.

ஜின்சன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான், அந்த மட்டில் அவனைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் முடிந்ததும் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, கௌசிக்கைப் பார்த்துச் சொன்னான்.

"சாரே, நான் இப்ப ஓனர்கிட்ட என்ன சொல்றது? இந்தத் தொட்டியக் காட்டி வேலை கொடுக்க முடியாதல்லோ. நீலம் போட்டு வெச்சதும் சரியல்ல கேட்டோ. நான் கூப்பிடறேன்."

கூப்பிட மாட்டான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கார் தோப்பு வழியைத் தாண்டுகிற வரை கௌசிக் வாசலில் நின்றான். திரும்பி வந்ததும் ஆரம்பித்தான்.

"பத்து நிமிசம் பொறுக்க முடியலியா உனக்கு? கைக்கு வந்தது போச்சு. அதுவும் அண்ணன் மூஞ்சிக்கு நேரா நின்னு... ஊருல ஆராச்சும் கேட்டாச் சிரிப்பாங்க."

"உங்களுக்குக் காலைலயே தெரியும்ல?"

அவன் வேட்டி நுனியை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"தாதுப்பொடி போட்டது தெரியும்லங்க? சொல்லுங்க."

"தெரியும். சொன்னா நீ ஊட்ட ரெண்டாக்கிருவன்னுதான் சொல்லல. ரெண்டு கை பொடியில என்ன ஆயிரப்போவுதுன்னு நெனச்சேன். நல்லதுக்குன்னுதான..."

"அந்தப் பேச்சப் பேசாதீங்க!" தொட்டியோரம் கிடந்த தீனி சிரிஞ்சை எடுத்துச் சுவரில் எறிந்தாள். "உங்கண்ணன் மனசு நோவக் கூடாது. உங்களுக்குச் சங்கடம் வரக் கூடாது. நான் கத்தக் கூடாது. அதுக்கு எம் பவளம் சாவலாம். அவரு தெரியாமப் பண்ணுனாருங்க. மாடு வளத்துனவரு, மாட்டுக்கு வெக்கறத வெச்சாரு. நீங்க தெரிஞ்சு பண்ணீருக்கறீங்க. கேட்டுட்டு வாங்கன்னு அனுப்புனேனே, ஒரு பேச்ச முழுசாக் கொண்டாந்து குடுக்கறதுக்குக்கூட உங்களால ஆவலீங்களா? காலைலயே சொல்லீருந்தா டிரம்முத் தண்ணி பூராத்தையும் வாளில வெச்சு எல்லாத்தையும் அதுக்கு மாத்தீருப்பேன். அத்தனையும் உசுரோட இருந்திருக்கும்."

கௌசிக் உட்கார்ந்துவிட்டான்.  கோமதி அவனை அதற்கு மேல் பார்க்கவில்லை. தொட்டியில் செத்ததை அள்ளி வெளியே கொட்டினாள், மணலைச் சுரண்டி எடுத்தாள், கல்லையெல்லாம் வெயிலில் போட்டாள். செம்பு குடித்த கல் இனி எதற்கும் ஆகாது. அத்தனை மாச உழைப்பு வாசலில் கருவாடுபோல் காய்ந்து நாறியது. மத்தியானம் யாரும் அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

சாயங்காலம், தீனி வைக்கிற நேரம். வாளிக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து, காற்று விடுகிற சின்ன மோட்டார் குமிழி விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் கோமதி. நட்சத்திரத் திட்டில் ஒரு ஓரமாக, குண்டூசி முனை அளவுக்குப் பச்சை எட்டிப் பார்த்தது.

வாசலில் செருமல் கேட்டது.

கோமதி எழுந்திருக்கவில்லை. கௌசிக் கூடத்து மூலையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன்தான் பதறி எழுந்தான். இன்னொரு செருமல். அதற்கும் அவள் அசையவில்லை. கருப்புசாமி நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றார். தம்பியைப் பார்த்தார். அவன் சொல்லி அனுப்புகிற வேலைக்கு இன்று லாயக்கில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"அம்மிணி" என்றார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளைக் கூப்பிட்டார். "எதாச்சும் பொழச்சுதா?"

"மூணு துண்டு இருக்குதுங்க. ரெண்டு நாளு போனாத்தான் தெரியும். மத்ததெல்லாம் போச்சுங்க."

"நல்லதுக்குன்னுதான் வெச்சேன் அம்மிணி."

"தெரியுங்க. எனக்கு எது நல்லதுன்னு நீங்க எங்கிட்டக் கேட்டிருந்தா ஒரே பேச்சுல சொல்லீருப்பேன். கோயமுத்தூரு வேலைக்கும் கேக்கல, இதுக்கும் கேக்கல."

 கருப்புசாமி துண்டின் நுனியைத் திருகினார். பிறகு, பெரிய மனுஷத் தோரணை மறுபடி குரலில் ஏறியது.

"சரி உடு. அந்த மூணாத்துக்காரன் நம்பரக் கௌசிக்கிட்ட வாங்கி நானே பேசிப்போடறேன். தப்பு எம்பேருலதான்னு சொல்லி, வேலையக் குடுக்கச் சொல்றேன். நான் சொன்னாக் கேப்பான்."

கோமதி எழுந்தாள். மணையைக் காலால் ஒதுக்கினாள். அவரைத் தாண்டி மூலைக்குப் போய், கௌசிக்கின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அவன் விட்டுவிட்டான்.

"எனக்காக ஆரும் பேச வேண்டாங்க" என்றாள், இரண்டு பேருக்கும் சேர்த்து. "பேசுனது போதும்."

ஜின்சன் பேரைத் தேடி அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று நினைத்தபோது எடுத்தான். பின்னால் வண்டி ஏற்றம் ஏறுகிற இரைச்சல் கேட்டது.

"ஹலோ, சொல்லுங்க கௌசிக் சாரே."

"கௌசிக் இல்லைங்க. தொட்டி என்னோடது" என்றாள். "நான் கோமதி பேசறேன்."